பதினான்காவது பெட்டியின் பதில்

பெரியநாயகி என்ற பெயரைக் கேட்டுவிட்டு வயதான அம்மாள் யாரையோ எதிர்பார்த்து வந்தவர்கள்தான் அதிகம். இன்டர்நெட் லைன் பார்க்க வந்தவர், கேமரா மாட்ட வந்தவர், சென்னையிலிருந்து சாஃப்ட்வேர் விற்க வந்தவர் எல்லோரும் அவள் முகத்துக்கு நேராகவே நின்றுகொண்டு, "பெரியநாயகி மேடத்தைப் பார்க்கணும்" என்பார்கள். "நான்தானுங்க" என்பாள். குலதெய்வத்துப் பெயர். முப்பத்தெட்டு வயதுக்குள் அந்தப் பெயருக்கு அவள் பழகிப்போயிருந்தாள். பழகாதது ஒன்றுதான். அந்தப் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்ள ஒரு பதவி இல்லை.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நாமக்கல் செங்கமலம் ஹேச்சரீஸில் டைப் அடிக்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். ஆட்டையாம்பட்டியில் அவள் அப்பா அடுத்தவர் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பாலிடெக்னிக் முடித்த பெண்ணுக்கு ஏ.சி. ரூமில் வேலை என்றதும் வீட்டில் அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நியமனக் கடிதத்தில் 'டேட்டா என்ட்ரி' என்று போட்டிருந்தது. அந்தக் கடிதம் அப்படியே இருக்க, கம்பெனி மட்டும் வளர்ந்தது. கோழிப்பண்ணை ஒன்பது, தீவன மில் இரண்டு, ஒரு முட்டைக் குடோன், எருமப்பட்டிப் பக்கம் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி, நாமக்கல்லில் தலைமை அலுவலகம் என்று மொத்தம் பதினாலு இடம். பதினாலு இடத்துக்கும் வயர் இழுத்தது, ஏணி போட்டு ஏறியது, பண்ணைத் தூசியில் தும்மிக்கொண்டே சுவிட்ச் மாட்டியது எல்லாம் அவள்தான். மூட்டை தூக்குபவருக்குக்கூட அந்தக் கம்பெனியில் ஒரு பதவிப் பெயர் உண்டு. இவளை மட்டும் 'கம்ப்யூட்டர் அம்மிணி' என்றார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முதலாளி கண்ணுசாமியின் அறைக்குள் போய்க் கேட்டாள். "ஐயா, ஐ.டி. மேனேஜர்னு ஒரு போஸ்ட் காலியா இருக்குதுங்க. அந்த வேலையைத்தான் நான் பண்ணிட்டிருக்கேனுங்க." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆகட்டும் அம்மிணி, பண்ணிப்போடலாம்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லி, ஜிலேபி வாங்கித் தின்றார்கள். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் அந்த மனுஷன் ஆறு மாசம் கழித்து, "என்னாச்சு அது?" என்று ஒரு தடவை கேட்டான். "ஆகட்டும்னிருக்காரு" என்றாள். அதற்கப்புறம் அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டதையே திரும்பக் கேட்பது அசிங்கம் என்று அவளை வளர்த்திருந்தார்கள். அந்த வளர்ப்பைச் சொல்லி என்ன பிரயோசனம், ஆறு தீபாவளி போய்விட்டது.

இப்போது அந்தப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பின்னால் வந்த வினையெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

ஒவ்வோர் இடத்திலும் இன்டர்நெட் உள்ளே நுழைகிற வாசலில் ஒரு ஃபயர்வால் பெட்டி இருந்தது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று காவல் பார்ப்பது அதன் வேலை. பதினாலு பெட்டிக்கும் மேஸ்திரி மாதிரி தலைமை அலுவலகத்தில் ஒரு பெரிய பெட்டி. ஏதாவது ஒரு விதியை மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பெரிய பெட்டியின் திரையைத் திறந்து, ஒவ்வோர் இடமாகப் போய், அமுக்கி, காத்திருந்து, அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். மனுஷர் அமுக்குவதற்குப் பதிலாகப் புரோகிராம் ஒன்று பெட்டியோடு நேரடியாகப் பேசுகிற வழியும் அதில் இருக்கிறது, அதற்கு ஏபிஐ என்று பெயர் என்பதை அவள் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டாள். பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் படித்தாள். சமையல்கட்டில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே படித்தாள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. வேலையைச் சொன்னால் உடனே செய்துவிடாது. 'வாங்கிக்கொண்டேன்' என்று ஒரு ஜாப் நம்பரைக் கொடுக்கும், அவ்வளவுதான். வேலை உள்ளே வரிசையில் நிற்கும். மூன்று நிமிஷமும் ஆகலாம், பன்னிரண்டு நிமிஷமும் ஆகலாம். முடிந்ததா, முடியாமல் போனதா என்று அதுவாக வந்து சொல்லாது. நாம்தான் அந்த நம்பரைச் சொல்லி மறுபடியும் மறுபடியும் கேட்க வேண்டும். பெரியநாயகி எழுதிய புரோகிராம் ஒரு பெட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பதினாலுக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். பதினாலு நம்பரையும் கையில் வைத்துக்கொண்டு பத்து விநாடிக்கு ஒரு தரம் எல்லாரிடமும் போய், 'ஆச்சா? ஆச்சா?' என்று கேட்கும். வாங்கிக்கொண்ட பெட்டிக்கு மஞ்சள் விளக்கு, முடித்த பெட்டிக்குப் பச்சை, முடியாமல் போனதற்குச் சிவப்பு.

பெரியவருக்கு அவள் இதை மாவு மில் கணக்கில் விளக்கினாள். "டப்பாவை வெச்சு டோக்கன் வாங்கினா மாவு அரைச்சாச்சுன்னு ஆகாதுங்களே ஐயா. திரும்பிப் போயிக் கேட்கோணுமுங்க. பதினாலு மில்லுலயும் ஒரே நேரத்துல டப்பாவை வெச்சுட்டு, சுத்திச் சுத்திப் போயிக் கேக்கற மாதிரிங்க." பெரியவர் சிரித்து, "நல்லாத்தான் பண்ணியிருக்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவருக்கு மாப்பிள்ளை ஒருவர் உண்டு, சந்திரசேகர். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு மாமனார் கம்பெனிக்கு வந்தவர். மீட்டிங் ரூமில் பெரிய டி.வி. ஒன்றை மாட்டி, அதில் பெரியநாயகியின் விளக்குகளை ஓடவிட்டார். யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். ஒரே ஒரு குறைதான் அவருக்கு.

"மஞ்சளாவே நிக்குதுங்க மேடம். மாமா வந்து பாக்கறப்போ மஞ்சளா நின்னா நல்லாவா இருக்குது?"

"வேலை முடியற வரைக்கும் மஞ்சள்தானுங்க சார்."

"பெட்டி சரின்னு சொல்லிப்போட்டுதல்லங்க? அப்புறம் என்னத்துக்குங்க நிக்கோணும்? சரின்னு சொன்னவுடனே பச்சை போட்டுருங்க."

"சரின்னா, வாங்கிக்கிட்டேன்னுதானுங்க. செஞ்சுட்டேன்னு இல்லீங்க."

சந்திரசேகர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "உங்க மேனேஜர் விஷயம் மாமாகிட்டப் பேசியிருக்கறனுங்க. ஆயுத பூஜையன்னிக்கு எல்லாரும் இருக்கறப்போ ஆர்டரைக் குடுத்தரலாம்னாரு. நீங்க இந்தச் சின்ன விஷயத்துல முறைச்சுக்கிட்டு நிக்காதீங்க."

அன்று மத்தியானமே அவள் அந்தக் காத்திருக்கிற பகுதியை எடுத்துவிட்டாள். கேட்பதும் இல்லை, சுற்றுவதும் இல்லை. பெட்டி 'வாங்கிக்கொண்டேன்' என்றதும் பச்சை. எட்டே விநாடியில் பதினாலும் பச்சை. மாற்றிய இடத்துக்குப் பக்கத்தில் யார் சொல்லி எதற்கு மாற்றியது என்று குறிப்பு எழுதுவது அவள் வழக்கம். 'மேலே சொன்னபடி மாற்றியது, பெ.நா.' என்று எழுதினாள். சந்திரசேகர் என்று எழுதவில்லை. அந்த அலுவலகத்தில் யாருமே அப்படி எழுத மாட்டார்கள். வவுச்சரானாலும் லெட்டரானாலும் 'மேலே சொன்னபடி'தான். பெரிய வீட்டு மாப்பிள்ளை பேரைக் கொண்டுபோய்த் தவறாக இருக்கக்கூடிய ஒன்றின் பக்கத்தில் எழுதுவது மரியாதையில்லை என்று அவள் கை அதுவாகவே நின்றுவிட்டது. மரியாதை! அந்த மரியாதைக்காக அவளை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

ஹேச்சரியில் சூப்பர்வைசர் சுப்பையன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். முன்பெல்லாம் மணிக்கொரு தரம் மெஷின் மெஷினாகப் போய்க் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, நோட்டில் எழுதுவார். முட்டை பதினெட்டு நாள் ஒரு மெஷினிலும், கடைசி மூன்று நாள் பொரிக்கிற மெஷினிலும் இருக்கும். அந்தக் கடைசி மூன்று நாளில் குஞ்சின் உடம்புச் சூடே மெஷினை ஏற்றிவிடும், காற்றாடி நின்றால் தொலைந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனில் அலாரம் அடிக்கிற வசதி வந்தது. சூடு ஏறினால் மெஷின் வெளியூர் கம்பெனி ஒன்றின் சர்வருக்குச் சொல்லும், அது சுப்பையனின் போனை அடிக்கும். உடனே மணிக்கொரு தரம் சுற்றுவதை நிறுத்தி, காலையும் மாலையும் எழுதினால் போதும் என்றார்கள், கூட இருந்த ஆளைத் தீவன மில்லுக்கு மாற்றினார்கள். மெஷினிலேயே இருந்த சைரன் எரிந்துபோனபோது, போனில்தான் வருகிறதே என்று யாரும் புதிதாக வாங்கவில்லை. அந்த அலாரம் வெளியே போவதற்கு ஹேச்சரியின் ஃபயர்வால் பெட்டி வழிவிட வேண்டும். வழி திறந்தது பெரியநாயகிதான்.

ஆயுத பூஜையன்று காலை பத்தேகாலுக்குச் சந்திரசேகர் ஒரு மெயிலைக் காட்டினார். அலாரம் கம்பெனிக்காரர்கள் பத்து நாளுக்கு முன்னால் அனுப்பியது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கள் சர்வர் வேறு முகவரிக்கு மாறுகிறது, புது முகவரிக்கு வழிவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

"பத்து நாளாச்சுங்களே சார்."

"நான் இப்பத்தானுங்க பாத்தேன். எட்டு செகண்டுதானுங்களே, போட்டுருங்க. பதினொன்னரைக்குள்ள பூஜை முடிச்சாகோணும்."

புது முகவரியைப் போட்டு ஓடவிட்டாள். பத்து நாற்பதுக்குப் பதினாலும் பச்சை. மீட்டிங் ரூமிலிருந்து விருந்தாளிகள் பேசும் சத்தம் கேட்டது. மாமனாரின் சொந்தக்காரர்களுக்குச் சந்திரசேகர் ஏற்கெனவே டி.வி.யைக் காட்டி முடித்திருந்தார். பச்சையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஜாப் நம்பர்களை எடுத்துக் கையாலேயே ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். முதல் பெட்டி, முடிந்தது. இரண்டாவது, முடிந்தது. மூன்றாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், லேப்டாப்பைக் கொண்டாங்க. உங்களுதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்று வாசலில் வந்து நின்றார் சந்திரசேகர்.

கொண்டுபோனாள். அந்தக் கம்பெனியில் பூஜை என்றால் விளையாட்டில்லை. கம்ப்யூட்டர், தராசு, பிரிண்டர், ஃபயர்வால் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் விஜயதசமிக்குப் பூவை எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. பெரியவர் இதில் கறார். ஒரு வருஷம் அவசரமாக ஒரு பில்லைப் பிரிண்ட் போட்டவனைக் கிழிகிழியென்று கிழித்திருக்கிறார். மூன்று பெட்டியைக் கேட்டவள் பாக்கிப் பதினொன்றையும் கேட்காமலே லேப்டாப்பை மூடி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அன்று அவளுக்கு ஆர்டர் தருவதாக இருந்தது. அந்த நாளில் போய்ப் பெரியவரிடம், 'ஐயா, பூஜையைப் பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்க' என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆர்டரும் வரவில்லை. பொரியும் சுண்டலும் வந்தன. "டைப் ஆகியிருக்குதுங்க, மாமா கையெழுத்துத்தான் பாக்கி" என்றார் சந்திரசேகர்.

அன்று மத்தியானம் ஒன்றரை வாக்கில் எருமப்பட்டி ஹேச்சரியில் மூன்றாம் மெஷினின் காற்றாடி பெல்ட் அறுந்தது. சுப்பையன் பக்கத்து அறையில்தான் இருந்தார். போன் மேஜைமேல், கைக்கெட்டும் தூரத்தில். அது வாயே திறக்கவில்லை. நாலு மணிக்கு நோட்டில் எழுதுவதற்காக உள்ளே போனவர் கதவைத் திறந்தார். முகத்தில் அடித்த சூட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பதாயிரம் முட்டை. மறுநாள் வெளியே வரவேண்டிய குஞ்சுகள். பாதிக்குமேல் ஓட்டைக் கொத்தி ஓட்டை போட்டிருந்தன, மூக்கை வெளியே நீட்டியபடியே செத்திருந்தன. சுப்பையன் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார் என்று அங்கே கூட்டுகிற பெண் சொன்னாள்.

விஜயதசமி காலையில் பெரியநாயகி லேப்டாப்பின்மேல் காய்ந்திருந்த பூவை எடுத்துப்போட்டுவிட்டுத் திறந்தாள். ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது பெட்டியிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். முடிந்தது, முடிந்தது, முடிந்தது. பதினான்காவது ஹேச்சரி. 'தோல்வி. நேற்று 10.44. இந்தப் பெட்டியின் அமைப்பை வேறொருவர் திருத்துவதற்காகத் திறந்து வைத்திருக்கிறார். பயனர்: அட்மின். இடம்: மீட்டிங் ரூம்.' ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் மாற்ற முடியாதபடி பெரிய பெட்டி பூட்டிக்கொள்ளும். பெட்டியின்மேல் ஒரு தப்பும் இல்லை. பத்து நாற்பத்துநாலுக்கே அது உண்மையைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தது. கேட்க ஆளில்லை.

ஓடிப்போய் மீட்டிங் ரூமைத் திறந்தாள். டி.வி.யோடு இருந்த கம்ப்யூட்டர் நேற்றிலிருந்து அணைக்கப்படவே இல்லை. திரையின் நடுவில் சந்தனப் பொட்டு, அதற்குப் பின்னால் ஹேச்சரிப் பெட்டியின் பக்கம், திருத்துகிற நிலையில், அப்படியே. 'இதுதானுங்க நம்ம ஹேச்சரி' என்று விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக உள்ளே போய் அமுக்கிவிட்டு, மூடாமல் பூஜை போட்டுவிட்டார்கள். போனில் படம் எடுத்துக்கொண்டாள்.  அவளுக்கு ஆத்திரமும் வந்தது, பயமும் வந்தது.

வெளியே சுப்பையன் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"அம்மிணி, என்ற போன்ல ஒண்ணுமே வரலீங்க. தூங்கிப்போட்டேன்னு பேசிக்கிறாங்க. குழந்தைக மேல சத்தியமாத் தூங்குலீங்க."

"எனக்குத் தெரியுமுங்கண்ணா. வழி திறக்கவே இல்லீங்க. நான் சொல்றேனுங்க ஐயாகிட்ட."

"நீங்க சொன்னாத்தானுங்க நம்புவாங்க. எனக்கு வேற யாரு இருக்கறாங்க."

"சொல்றேனுங்கண்ணா. நீங்க பயப்படாதீங்க."

பெரியவர் அறையில் மூன்று பேர்தான். பெரியநாயகி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஜாப் நம்பரைக் காட்டினாள், தோல்வி என்ற வரியைக் காட்டினாள், மீட்டிங் ரூம் படத்தைக் காட்டினாள். சந்திரசேகர் குறுக்கே பேசாமல் கேட்டார். படித்தவர் அல்லவா.

"அட்மின்னு போட்டிருக்குதுங்க மாமா. அந்தப் பாஸ்வேர்டு ஆபீஸ்ல ஆறு பேருக்குத் தெரியும், இவங்களுக்கும் தெரியும். மீட்டிங் ரூம் சாவி இவங்ககிட்டயும் ஒண்ணு இருக்குது. இந்தப் போட்டோ இன்னிக்கு எடுத்தது. சரி, அதை விடுங்க. தோல்வின்னு வந்தா சிவப்புல்லங்க காட்டோணும்? ஏன் மேடம் பச்சை காட்டுச்சு?"

"நீங்க சொல்லித்தானுங்க சார் மாத்தினேன்."

"எங்கீங்க எழுதியிருக்குது?"

அவள் அந்த வரியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. 'மேலே சொன்னபடி மாற்றியது, பெ.நா.' சந்திரசேகர் அதைச் சத்தமாகப் படித்தார், இரண்டு தடவை படித்தார். அதில் இருந்த ஒரே பெயர் அவள் பெயர்தான். மேலே என்றால் யார்? மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பெரியவர் மாப்பிள்ளையை வெளியே போகச் சொன்னார். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. அதுதான் கொடுமை. புரியாதவராக இருந்திருந்தால் மனசாவது ஆறியிருக்கும்.

"அம்மிணி, குஞ்சு வாங்கற பார்ட்டி எழுத்துல கேட்டிருக்காங்க, என்ன நடந்துதுன்னு. ஆளு தப்புன்னா ஆளை மாத்திக்கலாம். சிஸ்டமே தப்புன்னா கம்பெனி பேரு போச்சு. நம்ம பொண்ணு குடும்பமும் இதுக்குள்ளதானிருக்குது, பாத்துக்க." மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

முதல் தாள் நியமன ஆர்டர். பெரியநாயகி, ஐ.டி. மேனேஜர். தேதி ஆயுத பூஜை. இரண்டாவது தாள் அறிக்கை. சம்பவ தினத்தன்று அலாரம் செல்லும் வழி பதினாலு இடங்களிலும் சரியாக இருந்தது, பணியில் இருந்த சூப்பர்வைசர் கவனிக்கவில்லை என்று இருந்தது. கூடவே அன்று காலை டி.வி.யில் தெரிந்ததை அச்செடுத்து வைத்திருந்தார்கள். பதினாலு பச்சை விளக்கு. அறிக்கையின் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, 'ஐ.டி. மேனேஜர்' என்று டைப் அடித்திருந்தது.

"ஐயா, சுப்பையன் அண்ணன்..."

"அவனை ஊட்டுல இருக்கச் சொல்லியிருக்கறேன். வேற எங்காச்சும் பாத்துப் போட்டுக்கலாம். ஆகட்டும். நீ கையெழுத்துப் போடு சாமி."

மாட்டேன் என்று சொன்னால் அந்த இரண்டாவது தாளில் சுப்பையன் பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. 'மேலே சொன்னபடி' என்ற அந்த ஒரு வரி போதும் அதற்கு. பதினாறு வருஷமும் போகும், டேட்டா என்ட்ரி என்ற கடிதமும் போகும். இதையெல்லாம் சொல்லி அவளுக்கு வக்காலத்து வாங்கலாம். ஆனால் நடந்தது இதுதான்: தன் பெயருக்குக் கீழே அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம்தான், ஆனால் நிஜமான சந்தோஷம். அதை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ நாள் கூசிப்போயிருக்கிறாள். இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் டி.வி.எஸ். வண்டியை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார் சுப்பையன். அவளைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"சொல்லீட்டீங்களா அம்மிணி?"

கையில் ஆர்டர் இருந்த கவர். அதை ஹேண்ட்பேக்கோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்கேனுங்கண்ணா. ஐயா கேட்டுக்கிட்டாருங்க. ஆகட்டும்னிருக்காரு."

அந்த மனுஷன் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவர் பெருமூச்சு விட்டார். "போதுமுங்க அம்மிணி. ஐயா காதுல விழுந்துருச்சல்ல, அது போதும். உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டேனுங்க." கையெடுத்துக் கும்பிட்டார். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தடுக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பி, எருமப்பட்டி ரோட்டில் திரும்பும்போது ஒரு தரம் கையை ஆட்டினார்.

அவரை வேலையிலிருந்து நீக்கியதாக ஒரு கடிதமும் போகவில்லை. பெரியவர் அதில் கெட்டிக்காரர். விசாரணை நடக்கிறது, முடியும்வரை வீட்டில் இரு என்பதுதான் இன்றுவரை உத்தரவு. ஹேச்சரிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வேறொருவர் வந்துவிட்டார். புதுச் சைரனும் வாங்கி மாட்டிவிட்டார்கள். அந்த நோட்டில் மறுபடி மணிக்கொரு தரம் எழுதுகிறார்கள். எல்லாம் சுப்பையன் இருபது வருஷம் செய்ததுதான்.

பெரியநாயகிக்குத் தனி அறை கிடைத்தது. கதவில் பித்தளைப் பலகை. இப்போது வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு நேராக உள்ளே வருகிறார்கள், யாரும் ஆள் மாற்றிக் கேட்பதில்லை. மேனேஜராக அவள் செய்த முதல் வேலை, எடுத்துவிட்ட பகுதியைத் திரும்பப் போட்டதுதான்.  இப்போது அவள் புரோகிராம் பத்து விநாடிக்கு ஒரு தரம் பதினாலு பெட்டியையும் கேட்கிறது. முடியாததை முடிந்தது என்று காட்டுவதில்லை. மஞ்சள் என்றால் மஞ்சளாகவே நிற்கிறது.

திங்கட்கிழமை தோறும் பத்து மணிக்குச் சுப்பையன் போன் செய்வார். சத்தமாகப் பேச மாட்டார், குறை சொல்ல மாட்டார். மூன்று மாதமாகிறது, ஒரு வாரம்கூட விட்டதில்லை. பெரிய மகளுக்கு வரன் ஒன்று வந்து, அப்பாவுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று கேட்டுத் தள்ளி நிற்பதாகப் போன வாரம் சொன்னார். அதையும் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

இந்தத் திங்கட்கிழமையும் பத்து மணிக்கு மேஜைமேல் போன் அடித்தது. திரையில் அவர் பெயர்.  எடுக்காமல் விட்டாலும் அடுத்த வாரம் கேட்பார் என்று தெரியும். எடுத்தாள்.

"அம்மிணி, தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. நம்ம விஷயம் முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் ஆகலீங்கண்ணா" என்றாள் பெரியநாயகி. "ஓடிட்டிருக்குதுங்க."

"சரிங்க அம்மிணி. அடுத்த வாரம் கேட்டுக்கறேனுங்க."